தீர்ப்பு நாளுக்கு ஒதுக்கிய பத்து வினாடி

அப்பா உட்கார்ந்து செய்தி பார்த்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வருவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், முகம் கழுவுவார். பிறகு ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து சுத்தமாக அணைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார். கொஞ்ச நேரம் வலது காலில், கொஞ்ச நேரம் இடது காலில். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லிப் போகும்வரை அப்படியே நிற்பார்.

"உக்காந்து பாத்தா டி.வி. கோவிச்சுக்குமா?" என்பார் அம்மா.

"உக்காந்தா தூங்கிடுவேன்."

"நின்னுக்கிட்டேயும்தான் தூங்குறீங்க. நேத்து நீங்க விட்ட கொட்டாவியில காலண்டர் ஆடுச்சு."

அப்பா சிரிக்கமாட்டார். காலண்டரைத் தொட்டு நேராக்கிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்ப்பார். சத்தத்தை ஏன் அணைக்கிறீர்கள் என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "நான் எடுத்துட்டு வந்ததுல சத்தம் கிடையாது பாப்பா. சத்தமெல்லாம் அவங்க சேத்தது" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிய பிறகு, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்பா ஒரு செய்தித் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர். ஒளிப்பதிவாளர் என்றதும் மலை உச்சியிலும் விமானத்திலும் நிற்பவர் என்று என் வகுப்பில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா இருபத்திரண்டு வருடம் நின்றது ஒரே இடத்தில்தான். நீதிமன்றத்தின் பின்வாசலில், தண்ணீர்க் குழாய்க்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள நடைபாதையில்.

நீதிமன்றத்துக்குள்ளே கேமராவை விடமாட்டார்கள். உள்ளே நடக்கும் எதற்கும் படம் கிடையாது. தொலைக்காட்சிக்கோ படம் இல்லாமல் செய்தி கிடையாது. அதனால் வழக்கு என்பது அப்பாவைப் பொறுத்தவரை, போலீஸ் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி மறைகிற ஒன்பது படிகள். மொத்தம் பதினோரு வினாடி. அதற்காகக் காலை எட்டு மணிக்குப் போய் நடைபாதையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டு, ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அதில் ஊன்றிவிடுவார். மழை வந்து வட்டம் அழிந்தாலும் அந்த இடத்தில் வேறு சேனல்காரர் யாரும் ஸ்டாண்ட் வைக்கமாட்டார்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் கம்பம்.

"கம்பத்தண்ணே, கொடி ஏத்திடலாமா உங்க மேல?" என்பார்கள்.

"ஏத்து. அரைக் கம்பத்துல ஏத்து. முட்டிக்குக் கீழ எனக்கு உயிர் இல்ல."

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கல்யாண வீடியோக்களுக்கு லைட் பிடித்து, லைட்டிலிருந்து கேமராவுக்கு வந்தவர். அவருடன் கூடவே நின்ற செய்தியாளரை எங்கள் வீட்டில் மைக் அக்கா என்போம். திரையில் அழுத்தமான நிறத்தில் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நாட்டையே தாங்கும் கவலை. படத்துக்குக் கீழே வராத பகுதியில் ரப்பர் செருப்பு. "இடுப்புக்கு மேல ஆபீஸ், இடுப்புக்குக் கீழ வீடு" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். இருவரும் ஒதுங்கவேண்டுமென்றால் நகலெடுக்கும் கடையின் பின்னால் உள்ள கழிப்பறைதான். அதற்கு நன்றியாகத் தேவையே இல்லாத தாள்களை நகலெடுத்துக்கொள்வார்கள். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எங்கள் வீட்டில் நாற்பது நகல் கிடக்கிறது.

பின்வாசல் காவலில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசக்கூடாது, அது உத்தரவு. ஆனால் தினமும் முகத்தைப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கிறதே. குற்றம் சாட்டப்பட்டவரின் வண்டி வளைவில் திரும்பினால் அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். பேச்சு இல்லை, கைகாட்டல் இல்லை. தொப்பி இறங்கினால் ஏழு சேனல்களின் கேமராவும் சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளும். அவருக்குத் தொப்பி என்றே பெயர். எடுப்பவர்களுக்கு வருகிறவரின் முகம் தெரியவேண்டியதில்லை. துண்டு போட்டு மூடிய தலையை யார் அடையாளம் காண்பது? தொப்பி சொன்னால் சரி.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. ஒருவருக்கு நல்ல படம் கிடைத்து மற்றவர்களுக்குத் தவறிப்போனால், கிடைத்தவர் எல்லோருக்கும் பகிர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தவறவிட்டவர்களை அலுவலகத்தில் வறுத்து எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். அந்த நடைபாதையில் எழுதப்படாத சட்டம் அது. உள்ளே இருந்த எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்த சட்டம்.

இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்துதான் ஒரு மனிதனை அழித்தன.

நான் பத்தாவது படித்த வருடம், இருமல் மருந்து குடித்து ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள். மருந்து தயாரித்த நிறுவனத்தின் முதலாளியும் கிடங்கு மேலாளரும் கைதானார்கள். மேலாளர்தான் இரண்டாவது குற்றவாளி என்று எல்லாச் சேனலும் சொன்னது. விசாரணையே தொடங்கவில்லை, ஆனாலும் குற்றவாளி என்றுதான் எழுதினார்கள். முதலாளியின் படம் எல்லோரிடமும் இருந்தது. மேலாளரின் முகம்தான் யாருக்கும் கிடைக்கவில்லை. அவர் எப்போது வந்தாலும் துண்டால் மூடிக்கொண்டுதான் வருவார். "முகம் வேணும்யா, முகம்" என்று அப்பாவின் அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் தினமும் போனில் கத்துவார். டெஸ்க் சார் என்று அப்பா அவரைச் சொல்வார்.

மேலாளரை அழைத்துவர வேண்டிய ஒரு நாள், வெயில் தாளவில்லை. மதியம் ஒரு மணி இருக்கும். மற்ற சேனல்காரர்கள் நிழல் தேடி நகலெடுக்கும் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். அப்பா மட்டும் வட்டத்தில் நின்றார். ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. தொப்பி தொப்பியைக் கழற்றினார். ஜீப்பிலிருந்து நீலத் துண்டு போர்த்திய ஒருவர் இறங்கினார், இரண்டு பக்கமும் போலீஸ். ஐந்தாவது படியில் துண்டு நழுவியது. அந்த ஆள் சட்டென்று திரும்பி நேராக அப்பாவின் கேமராவைப் பார்த்தார். நான்கு வினாடி. முழு முகம், தெளிவான வெளிச்சம்.

படம் பகிரப்பட்டது. மாலை ஆறு மணிக்கு ஏழு சேனல்களிலும் அந்த முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "பிஞ்சு உயிர்களைப் பறித்த பாதகன் இவன்தான்." டெஸ்க் சார் அப்பாவை அழைத்து, "கம்பம், இன்னிக்கு உன் நாள்யா" என்றார். அப்பா அன்றைக்கும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தார். ஆனால் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது, மறைக்கத் தெரியாத பிரகாசம். நான் மறுநாள் பள்ளியில், "அந்த மூஞ்சிய எடுத்தது யாரு தெரியுமா? எங்க அப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தி அந்த முகத்தைக் கரும்பலகையில் வரைந்தாள். எல்லோரும் அதன்மேல் சாக்பீஸ் எறிந்தோம். நானும் எறிந்தேன்.

மூன்றாம் நாள் காலை அந்த ஆளே நடைபாதைக்கு வந்தார். துண்டு இல்லாமல். அப்போது அங்கே இருந்த மைக் அக்கா என்னிடம் பலமுறை சொன்னதால் எனக்கு அது நேரில் பார்த்ததுபோல் இருக்கிறது.

"இதுல யாரு என்னப் படம் புடிச்சது?" என்று கேட்டார்.

அப்பா ஸ்டாண்டைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தார். "நான்தாங்க."

"நான் அந்த மேலாளர் இல்லண்ணே. நான் வேன் ஓட்டுறவன். அந்த மருந்தக் கடை கடையா எறக்குனவன். பெட்டி உடைஞ்சு வாடை வேற மாதிரி அடிச்சுது, அப்பவே சொன்னேன், யாரும் காது குடுக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன். சாட்சியா ஜட்ஜுகிட்ட வாக்குமூலம் குடுக்க வந்தேன். கம்பெனி ஆளுங்க மிரட்டுனாங்கன்னு போலீஸே துண்டு போத்திக் கூட்டிட்டு வந்தாங்க."

அப்பா, "கேமராவ ஏங்க பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாம் நம்பர் கோர்ட்டு எந்தப் பக்கம்னு உங்ககிட்ட கேக்கலாம்னு பாத்தேன்."

அப்பா வாசலைத் திரும்பிப் பார்த்தார். தொப்பிக்கு எல்லாம் கேட்டிருந்தது. பேசக்கூடாது என்ற உத்தரவை மீறி அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினார். "வேர்த்துச்சுய்யா. மண்டை கொதிச்சுது. அதான் கழட்டுனேன். நான் என்ன பண்றது?"

மேலாளர் அன்றைக்கு வரவே இல்லை. உடம்பு சரியில்லை என்று விலக்கு வாங்கியிருந்தார். உள்ளே போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். படம் கையில் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

வேன்காரர் சண்டை போடவில்லை. அதுதான் அப்பாவை அரித்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னத் திட்டுனதுக்கெல்லாம் ஒண்ணும் வேணாம். இவன் அவன் இல்ல, இவன் சாட்சின்னு ஒரு தடவை சொல்லுங்க. என் மூஞ்சியக் காட்டியே சொல்லுங்க. எம் பொண்ணு ஸ்கூல்ல இருந்து பாதியில வந்துட்டா."

"சொல்ல வெக்கிறேன்" என்றார் அப்பா. "நான் பொறுப்பு."

அன்று மாலையே டெஸ்க் சாரின் முன்னால் போய் நின்றார். சார் நாற்காலியைக் காட்டினார், அப்பா உட்காரவில்லை. சார் சட்டப் பிரிவுக்குப் போன் போட்டார், வைத்தார். "தப்புன்னு நாமளே திரையில சொன்னா, நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவன் கேஸ் போட்டா மாட்டிக்குவோம். பேசாம விட்டுடு. ரெண்டு நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க. இனிமே அந்தப் படத்த ஓட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"மத்த சேனல்ல?"

"அது அவங்க பாடு. நீதானய்யா குடுத்த?"

அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். சாப்பிட்டார். மறுநாள் எட்டு மணிக்கு வட்டம் போட்டார். வேறு வழி தெரியவில்லை அவருக்கு. மற்ற ஆறு சேனல்காரர்களிடமும் கெஞ்சினார். எல்லோரும் நல்லவர்கள், தலையாட்டினார்கள். ஆனால் எடுப்பவருக்குப் படம் சொந்தமில்லை. அது எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், "மருந்து வழக்கு, குற்றவாளி, முகம்" என்ற குறிப்போடு கணினியில் உட்கார்ந்திருந்தது. அழிக்க அப்பாவுக்கு அதிகாரம் இல்லை. அழிக்க அதிகாரம் உள்ளவர்களுக்கு நேரம் இல்லை. வழக்கு வாய்தாவுக்கு வரும் நாளில் டெஸ்கில் யாராவது புதிதாகச் சேர்ந்தவர் தேடுவார், அந்த நான்கு வினாடி வந்து நிற்கும், எடுத்து ஓட்டிவிடுவார். அவருக்கு என்ன தெரியும்?

அப்பா வாய்தாத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அந்த நாட்களில் காலையில் பல் தேய்த்த கையோடு ஏழு சேனல்களுக்கும் போன்.

"வணக்கம்மா, நான் கோர்ட்டு கேமராமேன் பேசுறேன். இன்னிக்கு மருந்து கேஸ் வருது. அதுல நீலத் துண்டு போட்ட ஒரு ஆளோட படம் இருக்கும். அத ஓட்டாதீங்க. அது வேற ஆளு. ஆமாம்மா. வேற ஆளு. வேணும்னா நான் புதுசா வாசல் படம் எடுத்துத் தர்றேன்."

எட்டு வருடம். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாய்தா. அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறார். கிளம்புகிற அவசரத்தில், "இந்த மந்திரத்த ரெக்கார்டு பண்ணி வெச்சிடுங்களேன், தொண்டையாவது மிஞ்சும்" என்பார். எவ்வளவு சொன்னாலும் எங்காவது ஒன்றில் ஓடிவிடும். அன்று மாலை வேன்காரர் அழைப்பார். திட்டமாட்டார். "அண்ணே, இன்னிக்கும் போட்டாங்க" என்பார். "பாத்தேம்பா" என்பார் அப்பா. பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வேன் வேலை போனது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னது, மகளைப் பள்ளி மாற்றியது எல்லாம் இப்படித் துண்டுதுண்டாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டாம் வருடத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்திருந்தது. ஒருநாள் அப்பாவிடம், "இவ்வளவு நடந்தும் அதே இடத்துல போய் நிக்கிறீங்களே, வெக்கமா இல்லையா? வேலைய விடுங்க. அவர கேஸ் போடச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

அப்பா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கோர்ட்ல போடச் சொல்ற? அந்தக் கோர்ட்டு வாசல்லதான பாப்பா நான் நிக்கிறேன். அவன் கேஸ் போட வந்தான்னா, அதையும் நான்தான் படம் புடிக்கணும்."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. நான் வேலைய விட்டா காலையில அந்தப் போன யாரு பண்றது?"

என் கல்லூரிக் கட்டணம் அந்த நடைபாதையிலிருந்துதான் வந்தது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் ஏன் முதல் நாளே வேலையைத் தூக்கி எறியவில்லை என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று இன்னும் யோசிக்கிறேன். கேட்கக் கற்றுக்கொடுத்த படிப்பே அவர் அங்கே நின்றதால் கிடைத்தது. அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். தைல பாட்டிலை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. துண்டு நழுவுனா எல்லாரும் மூஞ்சியத் திருப்புவான். தப்பு பண்ணவனும் திருப்புவான், பண்ணாதவனும் திருப்புவான். இவன் மட்டும் வழி கேக்கிறவன் மாதிரி பாத்தான். என்னடா இதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் ஃபோகஸ் நல்லா இருக்கான்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன்."

டெஸ்க் சார் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு மைக் அக்கா வந்தார். நடைபாதையில் ரப்பர் செருப்போடு நின்றவர், வேன்காரர் வந்த காலையில் பக்கத்திலேயே இருந்தவர். அப்பா முதல்முறையாக ஒரு ஆசிரியரின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா" என்றுதான் அப்பாவும் சொல்வார், மைக் அக்கா அவரைவிட வயதில் சின்னவர் என்றாலும். "வழக்கு முடியப்போகுது. தீர்ப்பு அன்னிக்கு எல்லாரும் பாப்பாங்க. அன்னிக்குச் சொல்லிடலாம்."

"அண்ணே, உங்களுக்கு இல்லேங்கவா போறேன்? தீர்ப்பு புல்லட்டின்ல பத்து செகண்ட் ஒதுக்கிடறேன். என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க. அந்த ஆளையும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எழுதுவதற்கு ஆள் வேண்டுமாம். நகரத்தின் மறுமுனையில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய இரண்டு அறை. வேன்காரர் இப்போது ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டி ஒட்டுகிறார். நான் சாக்பீஸ் எறிந்த முகத்தை முதல்முறை நேரில் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது, மீசை நரைத்திருந்தது. இந்த முகத்தைப் பார்த்து இனி யாரும் அந்தப் படத்தை நினைக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

அவர் மனைவிக்கும் அதே எண்ணம்தான். "இங்க வந்து அஞ்சு வருஷமாச்சுண்ணே. ஒருத்தருக்கும் தெரியாது. இப்பப் போட்டா மறந்தவங்களுக்கும் ஞாபகம் வரும். எதுக்கு இந்த வேல?"

"மறந்தவங்க யாருடி?" என்றார் வேன்காரர். "என் அக்கா மறந்தாளா? எட்டு வருஷமா வாசப்படி மிதிக்கல. அவளும் ஏழு சேனலையும் பாத்துக்கிட்டுத்தான இருக்கா?"

"நல்லதா ஒரு வார்த்த சொன்னா வந்துடுவாங்களாக்கும்."

"வராட்டிப் போறா. தெரிஞ்சுட்டு வராம இருக்கட்டும்."

நான் எழுதினேன். "மருந்து வழக்கில் தவறுதலாகக் காட்டப்பட்ட இவர்" என்று தொடங்கினேன். வேன்காரர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"'தவறுதலாக'ன்னு போட்டிருக்கியேம்மா. யாரு தவறு? அது சொல்லப்போறதில்ல, அப்புறம் எதுக்கு அந்த வார்த்த? நேரா போடு. இவர் குற்றவாளி இல்லை. இவர் இந்த வழக்கின் சாட்சி. அவ்வளவு போதும்."

"பேரு?"

"பேரு வேணாம். மூஞ்சி போதும். மூஞ்சியத்தான போட்டாங்க."

அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதை மெதுவாக வாசிக்கச் சொன்னார். ஆறு வினாடிதான் வந்தது. "மிச்சம் நாலு செகண்ட் உன் மூஞ்சி சும்மா நிக்கட்டும்" என்றார். வேன்காரர் சிரித்தார். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவி உள்ளே போய் தேநீர் கொண்டுவந்து வைத்தார், கோபத்தோடுதான், ஆனால் அப்பாவின் கோப்பையில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. நீதிபதி மாறினார். புதிய நீதிபதி வாதங்களைத் திரும்பக் கேட்டார். மறுபடி தேதி, மறுபடி ஒத்திவைப்பு. ஒவ்வொரு தேதிக்கும் அப்பா காலையில் ஏழு போன்களையும் முடித்துவிட்டு எட்டாவதாக வேன்காரருக்குப் போன் செய்வார். "இன்னிக்கு வந்தாலும் வரும், டி.வி.ய போட்டு வையி." மாலையில், "வரல, அடுத்த மாசமாம்." இவரைப் பார்க்கப் பார்க்க எனக்கே அலுத்துப்போனது. ஒருநாள், "வந்தா சொல்லிக்கலாம்பா, அவரையாவது நிம்மதியா வேலைக்குப் போகவிடுங்க" என்றேன்.

"அவன் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கான் பாப்பா. நான் எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நடைபாதையில் சரிந்தார். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டே சரிந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. தொப்பிதான் வாசலை விட்டுவிட்டு ஓடிவந்தாராம். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். பேச்சு இல்லை. மூன்றாம் நாள் இல்லாமல் போனார். வீட்டுக்கு ஏழு சேனல்காரர்களும் வந்தார்கள், கேமரா இல்லாமல். மைக் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் கேட்டத நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு அது என்னவென்று அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. எனக்கு வந்தது.

தீர்ப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. முதலாளிக்கும் மேலாளருக்கும் தண்டனை. தீர்ப்பின் சுருக்கத்தை அலுவலகத்தில் கைப்பேசியில் படித்தேன். நேர்காணல் படிவங்களைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு, நடுவில் யாருக்கும் தெரியாமல் படிக்க முடிந்தது. மருந்துப் பெட்டிகளை ஏற்றிச்சென்ற ஓட்டுநரின் சாட்சியமே வழக்குக்கு முதுகெலும்பாக இருந்தது என்று நீதிபதி எழுதியிருந்தார். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டு உட்கார்ந்தேன்.

நான்கு மணி, ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி. இறந்த குழந்தைகளின் பெற்றோர் வந்தார்கள். வழக்கறிஞர்கள் வந்தார்கள். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். நீலத் துண்டு வரவே இல்லை, எந்தச் சேனலிலும். மேலாளரின் உண்மையான முகம் இப்போது எல்லோரிடமும் இருந்தது. பழையது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஏழரைக்கு மைக் அக்காவை அழைத்தேன். நாலாவது தடவை எடுத்தார்.

"வெச்சிருந்தேன்டா. புல்லட்டின் பட்டியல்ல எட்டாவதா வெச்சிருந்தேன். சட்டப் பிரிவுல இருந்து போன் வந்துச்சு. இத்தன வருஷம் கழிச்சு நாமளே ஏன் கிளறணும்னாங்க. இனிமே இந்தக் கேஸ் செய்தியில வராது, படமும் வராது, அதுவே அவருக்கு நல்லதுதானேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். "உன்கிட்டப் பொய் சொல்லல. உங்க அப்பா உயிரோட இருந்திருந்தா போட்டிருப்பேன். நாளைக்குக் காலையில அவர் மூஞ்சியில முழிக்கணுமே. இப்ப யாரு மூஞ்சியில முழிக்கப்போறேன்?"

நான் திட்டியிருக்கலாம். அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கத் தொடங்கியதும் திட்டுகிற தெம்பு போய்விட்டது. என் படிப்பு எனக்குக் கொடுத்த பெரிய கெட்ட பழக்கம் அது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளறையில் அப்பாவின் கைப்பேசி அடித்தது. அம்மா அதை அணைக்க மனமில்லாமல் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். வேன்காரர். அப்பா போன செய்தி அவருக்குத் தெரியும், அன்றைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனவர். அந்த எண்ணை அழைத்தால் நான் எடுப்பேன் என்று எப்படியோ நினைத்திருக்கிறார்.

"நான்தாம்மா. ரெண்டு மணில இருந்து நானும் எம் பொண்டாட்டியும் டி.வி. முன்னாலயே உக்காந்திருந்தோம். எங்க அக்காவுக்கும் போன் பண்ணிப் பாக்கச் சொன்னேன். நடுவுல கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன் போல. அந்த நேரத்துல போட்டுட்டாங்களா?"

"இல்லங்க" என்றேன். "போடல."

"நாளைக்குப் போடுவாங்களா?"

அம்மா அறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு வழக்கு, வேறு வாசல் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"தெரியலங்க."

"சரிம்மா" என்றார் அவர். கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. அப்பாவோடு அப்படி இருந்துதான் அவருக்குப் பழக்கம். நானும் வைக்கவில்லை. பிறகு அவரே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரலில், "அண்ணன் பொறுப்புன்னு சொன்னாரே" என்றார்.

"ஆமாங்க. சொன்னார்."